காதைத் தொட்டுக் காட்டுங்க, சார்

ராஜமதி டீச்சருக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிடிக்கும். அவர்களைக் கொண்டுவந்து விடுகிறவர்களைத்தான் பிடிக்காது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் அவள் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, தெருவுக்குள் நுழைகிற அப்பன், அம்மா, மாமன், சித்தப்பன் என்று ஒருவர் விடாமல் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு உறைக்காது.

"டீச்சரம்மா, கண்ணு ரெண்டை மட்டும் உட்டுட்டு தோலை உரிச்சிடுங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்" என்று ஒரு தகப்பன் பெருமையாகச் சொல்வான். அவனுக்குப் பின்னால் நிற்கிறவனும் அதையே சொல்வான். ஏதோ ராத்திரியெல்லாம் கண் விழித்துத் தானே யோசித்துக் கண்டுபிடித்த வசனம் மாதிரி ஒவ்வொருவனும் முகத்தை வைத்துக்கொள்வான்.

"தோலை உரிக்கிறதுக்கு நான் என்னா கசாப்புக் கடையா வச்சிருக்கேன்? பிள்ளைய உட்டுட்டு நடையக் கட்டுங்க" என்பாள் ராஜமதி. வந்தவாசிப் பக்கத்தில் ஒரு நயினார் குடும்பத்தில் பிறந்தவள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத வீடு. எறும்புக்குக்கூட ஒதுங்கி நடக்கிற சமண வீடு. அவளிடம் வந்து தோலை உரி என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

திருவண்ணாமலைக்கு அவள் வந்தது கல்யாணத்துக்குப் பிறகு. கணவன் விருசபதாசன் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், வேலை பார்த்தார். நல்ல மனுஷன், மனைவி சாயங்காலம் வந்து ஊரில் உள்ளவர்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிடுவதைச் சிரித்துக்கொண்டே கேட்பார். அவள் அந்தத் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷமே ஒன்றாம் வகுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளோடு மாரடிக்க மற்ற டீச்சர்கள் யாரும் தயாராக இல்லை.

முதல் நாளைச் சமாளிக்க ஆளுக்கொரு வித்தை வைத்திருந்தார்கள். பக்கத்து வகுப்பு ஜோதியம்மாள் டீச்சர் பிரம்பை மேஜைமேல் வைத்த பிறகுதான் வாயையே திறப்பாள். சில அம்மாக்கள், "கடைக்குப் போய் முட்டாய் வாங்கிகினு இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சாயங்காலம் வந்து நிற்பார்கள். அதுவரைக்கும் பிள்ளை வாசலைப் பார்த்தபடியே ஏங்கிக் கிடக்கும். "முதல் நாளே பெத்தவ பொய் சொல்லுவா. அப்புறம் இதுங்க ஒரு பொய் சொன்னா வாயில சூடு வைப்பா" என்று ராஜமதி பொருமுவாள்.

அவளுடைய வழி வேறு. முதலில் பெரியவர்களைத் துரத்துவாள். ஜன்னலில் தொங்குகிற முகங்களையும் விரட்டுவாள். அப்புறம் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் மல்லாட்டையைக் கொட்டிக்கொண்டு உரிக்க ஆரம்பிப்பாள். யாரையும் அழாதே என்று சொல்ல மாட்டாள். யாரையும் பார்க்கவும் மாட்டாள். பட், பட் என்று ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும். இன்னொன்று நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வரும். கை நீட்டிக் கேட்கிற பிள்ளைக்குத்தான் பருப்பு. கேட்க வேண்டுமென்றால் அழுகையை நிறுத்தித்தானே ஆகவேண்டும்? மத்தியானத்துக்குள் மொத்த வகுப்பும் அவளைச் சுற்றி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கும்.

இது தலைமையாசிரியர் சகாதேவனுக்குப் பிடிக்கவில்லை. தரையெல்லாம் மல்லாட்டை ஓடு என்பார். டீச்சர் தரையில் உட்காரலாமா, மரியாதை என்ன ஆவது என்பார்.

சகாதேவனைப் பற்றிச் சொல்லாமல் தீராது. குள்ளம், பருமன், கழுத்து என்று ஒன்று இருப்பதாகத் தெரியாது. ஆனால் தன்னை இன்னும் காலேஜ் பையனாக நினைத்துக்கொண்டிருந்தார். தையல்காரரிடம் எப்போதோ ஒல்லியாக இருந்தபோது போட்ட பழைய சட்டையைத்தான் அளவுக்குக் கொடுப்பார். புதுச் சட்டையும் அதே அளவில் வரும். பித்தான்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் அவருடையது. அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் யாராவது கேட்டால், "நமக்குப் பூர்வீகம் வேலூர் டவுனு" என்பார். சின்ன வயதில் குத்திய காது ஓட்டை கிராமத்தைக் காட்டிக் கொடுத்துவிடக்கூடாது என்று முடியைக் காதுமேல் இழுத்து விட்டிருப்பார். காற்றடித்தால் முதலில் காதைத்தான் பொத்துவார். பார்க்கும்போதெல்லாம் ராஜமதிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

அவரிடம் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. அது ஜவ்வாது மலை. ராஜமதி எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும், "மலையில டீச்சர் இல்லையாம்மா. இங்கேருந்து யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேக்கிறாங்க" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார். மலைப் பிள்ளைகள்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் விருசபதாசனுக்கு மண்டியை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. அவர் இங்கே, அவள் அங்கே என்று குடித்தனம் இரண்டுபடும். அதனால் மலை என்ற சொல் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்த மலை நிஜமாகவே பக்கத்தில் வந்தது. ஊரில் புதிதாக ஓர் இங்கிலீஷ் நர்சரி திறந்திருந்தார்கள். கழுத்தில் டையைக் கட்டி, அந்த வெயிலில் காலில் சாக்ஸை மாட்டிப் பிள்ளைகளை அனுப்புவதற்கு அம்மாக்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு இளைத்துப் போயிற்று. திறக்கிற அன்று டெபுடி இன்ஸ்பெக்டரே வந்து தலையை எண்ணப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் வகுப்பு நிற்கும். இல்லாவிட்டால் ஒரு டீச்சர் உபரி. கடைசியாக வேலைக்கு வந்த ராஜமதி மலை ஏற வேண்டியதுதான்.

"நீங்க கவலைப்படாதீங்கம்மா. பிள்ளைங்க பயப்படாம இருக்கிறதுக்கு நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். அந்த நர்சரிக்காரன் மூக்குல விரலை வைக்கணும்" என்றார் சகாதேவன்.

"என்னா ஏற்பாடு சார்? அவங்களை எங்கிட்ட உட்டுட்டாலே போதுமே."

"உங்க மல்லாட்டைய வச்சிகினு இன்ஸ்பெக்டருக்கு என்னத்தக் காட்டுறது? நீங்க சும்மா இருங்க."

அன்று காலை ராஜமதி வந்து பார்த்தபோது பள்ளிக்கூட வாசலில் இரண்டு வாழை மரம் கட்டியிருந்தது. மேளக்காரர்கள் உட்கார்ந்து தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்று வட்டாரக் குலதெய்வக் கோயில்களில் மொட்டை, காதுகுத்து என்றால் வந்து வாசிக்கிற அதே செட்டு. மேஜைமேல் ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம், ஒரு தட்டில் மாலைகள். தரையில் ஒரு மணைப்பலகை. அதன் பின்னால் நாற்காலியில், புது டெரிலின் சட்டைக்குள் பிதுங்கிக்கொண்டு, பட்டு அங்கவஸ்திரத்தோடு சகாதேவன். ஒரு போட்டோக்காரனைக்கூட வரவழைத்திருந்தார்.

 இந்த மனுஷனுக்குக் கண் என்று இருப்பது எதற்கு என்று ராஜமதி நினைத்தாள். கல்வி விழா என்று அவர் மனதில் ஏதோ கோட்டை கட்டியிருந்தார். பார்க்கிற எவனுக்கும் அது அச்சு அசல் காதுகுத்து விழாவாக இருந்தது. தாய்மாமன் மடி ஒன்றுதான் பாக்கி.

"சார், இதெல்லாம் வேணாம் சார். மேளத்தையாவது நிறுத்துங்க."

"மங்கள வாத்தியம்மா! உங்களுக்கு எங்கே புரியப் போவுது?"

மேளம் முழங்க ஆரம்பித்தது. அம்மாக்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். முதலில் நின்றவள் பொன்னி. பூக்கட்டுகிற சரோஜாவின் மகள். கண்ணை உருட்டி உருட்டி எல்லாவற்றையும் பார்க்கிற பெண். அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. நேர்த்திக்கடன் தள்ளிக்கொண்டே போய், வருகிற ஆடியில்தான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவள் மாலைகளைப் பார்த்தாள். சந்தனத்தைப் பார்த்தாள். போன மாதம் தன் மாமன் மகனுக்கு நடந்தது அத்தனையும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெல்ல அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

சகாதேவன் போட்டோக்காரனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, மடியைத் தட்டினார். "வாடி கண்ணு, வந்து மடியில உக்காரு."

அதுவும் ஆயிற்று. மாமன் மடியும் வந்துவிட்டது.

சரோஜா மகளைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அந்த நாளில் எந்த வீட்டிலும் பிறந்த தேதி தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது, பள்ளியில் சேர்க்கலாம் என்று கணக்கு. சகாதேவன் அந்தச் சோதனையையும் போட்டோவில் பிடித்துவிட நினைத்தார். பொன்னியின் காது மடலை இரண்டு விரலால் பிடித்து, "எங்கே, காதைக் காட்டு பாக்கலாம்" என்றார்.

தவில் அந்த நேரம் பார்த்து உச்சத்துக்குப் போயிற்று.

"எம்மோவ்! காது குத்தப் போறாங்க!" என்று பொன்னி போட்ட கூச்சலில் நாதஸ்வரம் நின்றுவிட்டது. அவர் கையைக் கடித்துவிட்டு மடியிலிருந்து குதித்து ஓடினாள். அவ்வளவுதான். வரிசை சிதறியது. காது குத்தாத பிள்ளைகள் பயத்தில் ஓடினார்கள். ஏற்கெனவே குத்திய பிள்ளைகளுக்கு வலி எப்படி இருக்கும் என்று தெரியும். அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். சந்தனக் கிண்ணம் கவிழ்ந்தது. மொத்தக் கூட்டமும் பின்பக்கத்து மதிய உணவுக் கொட்டகைக்குள் புகுந்து, விறகு அடுக்குக்குப் பின்னால் மறைந்துகொண்டது.

அப்பன்மார்கள் துரத்திக்கொண்டு போனார்கள். "வெளிய வாடா, காலை ஒடிக்கிறேன்" என்று ஒருவன் விறகுக் கட்டையையே கையில் எடுத்துவிட்டான். பயந்து ஒளிந்த பிள்ளையை வெளியே அழைப்பதற்கு எத்தனை அருமையான வழி! ராஜமதிக்கு ரத்தம் கொதித்தது.

"கட்டையக் கீழ போடுய்யா! எல்லாரும் வெளிய போங்க. மேளத்தையும் வாழை மரத்தையும் தூக்கிகினு போங்க. ஒருத்தர் இங்க நிக்கக்கூடாது!"

அவள் போட்ட சத்தத்தில் கூட்டம் கலைந்தது. சகாதேவன் மட்டும் கடிபட்ட கையை உதறிக்கொண்டு நின்றார். அவருக்கு முகம் வெளுத்திருந்தது. "இன்ஸ்பெக்டரு வர நேரம்மா. என்னாம்மா பண்றது?"

 ராஜமதி கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த மல்லாட்டையை மடியில் கொட்டி உரிக்க ஆரம்பித்தாள்.  இன்றைக்கு இது பலிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தெரியும். ஆனாலும் விறகுப் பக்கம் திரும்பவில்லை. பட், பட் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்கிற தங்கம்மாள் ஆயாவும் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள்.

விறகுக்கு மேலே பொன்னியின் இரண்டு கண்கள் தெரிந்தன. "டீச்சர், அந்த குண்டு சாரு காது குத்துவாரா?"

"அவருக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்கே யாரோ குத்தினதுதான்."

"பொய்யி."

"நீயே வந்து பாரேன். சார், இங்க வாங்க. குனியுங்க."

சகாதேவன் திடுக்கிட்டுக் காதைப் பொத்தினார். "அதெல்லாம் எதுக்கும்மா..."

"இன்ஸ்பெக்டரு ஜீப்பு வந்துடும் சார்."

வேறு வழியில்லாமல் அவர் தரையில் மண்டியிட்டார். முடியை விலக்கினார். பொன்னி வந்து, ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பின்னாலேயே மற்றதுகளும் ஒவ்வொன்றாக வந்து பார்த்தன. இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்த கீழ்பென்னாத்தூர் ஓட்டையை ஒன்றாம் வகுப்பு மொத்தமும் பார்வையிட்டது.

"அழுதியா?" என்றாள் பொன்னி.

"அழல" என்றார் சகாதேவன் மிடுக்காக.

"உண்மையச் சொல்லுங்க சார்" என்றாள் ராஜமதி.

"...அழுதேன்."

"கம்மியாவா, ஜாஸ்தியாவா?"

"ஜாஸ்திதான்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பதில் அவர்களுக்குத் திருப்தியாக இருந்தது. ஒன்று மல்லாட்டைக்குக் கை நீட்டியது. ராஜமதி பருப்பை வைத்துக்கொண்டே, "இங்க யாரும் காது குத்த மாட்டாங்க. நம்ம காதை நாமளே தொடணும், அவ்ளோதான். சாரே செஞ்சு காட்டுவாரு பாருங்க. காதைத் தொட்டுக் காட்டுங்க, சார்" என்றாள்.

சகாதேவன் அவளை முறைத்தார். "தூக்குங்க சார், பிள்ளைங்க பாக்கிறாங்க" என்றாள் அவள். அவர் வலது கையைத் தூக்கினார். டெரிலின் சட்டை அக்குளைப் பிடித்துக்கொண்டது. கை நெற்றி வரைக்கும் வந்தது. உச்சந்தலைக்கு ஏற மறுத்தது. முக்கினார். முகம் சிவந்தது. இன்னும் கொஞ்சம் எட்டினார். டர்ர்ர் என்று அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் சட்டை கிழிந்து, உள்ளேயிருந்து பனியன் எட்டிப் பார்த்தது.

 பொன்னி சொன்னாள்: "சாருக்கு இன்னும் வயசு ஆவல."

கொட்டகை அதிர்ந்தது. தங்கம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகள் தங்கள் காதைத் தாங்களே தொட்டு, ஒவ்வொரு தடவையும் "டர்ர்ர்" என்று கத்தியபடி ராஜமதியின் பின்னால் வகுப்புக்குப் போனார்கள்.

டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தபோது ஒன்றாம் வகுப்பு முழுதாக உட்கார்ந்திருந்தது. ஒரு பிள்ளைகூட அழவில்லை. தலைக்கு மேலே கையை வளைத்து, காதைத் தொட்டு, என்னவோ சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "முதல் நாளே இவ்வளவு சந்தோஷமா? இது யாரோட ஏற்பாடு?" என்று அவர் வியந்தார்.

அங்கவஸ்திரத்தால் கிழிசலை மூடிக்கொண்டு, "நம்ம ஏற்பாடுதாங்க" என்றார் சகாதேவன்.

வாய் கூசவில்லை. ராஜமதி அவரைப் பார்த்த பார்வையில் வெட்கம் உள்ளவனாக இருந்தால் அங்கேயே குறுகிப் போயிருப்பான். அவளுக்கு மலை தப்பியது, அது போதும் என்று விட்டுவிட்டாள். அவர் விடவில்லை. வேலூரில் கூட்டம் போட்டால் போய், புதுப் பிள்ளைகளின் அச்சம் போக்க நான் கண்ட முறை என்று மூச்சுவிடாமல் பேசினார். ஒவ்வொரு ஜூனிலும் தரையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தது அவள். கைதட்டு வாங்கியது அவர். எண்பத்திரண்டில் அவருக்கு நல்லாசிரியர் விருதே கிடைத்துவிட்டது. விருசபதாசன் அன்று சிரிக்கவில்லை. "இதைக்கூடவா நீ கேக்க மாட்டே?" என்றார். "கேட்டா என்னைய மலைக்கு ஏத்திடுவாரு. அப்புறம் உங்களுக்கு யாரு சோறு போடுறது?" என்றாள் அவள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா. மறுபடி வாழை மரம், மறுபடி அதே மேளம். காலையில் சகாதேவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். புதுச் சட்டை. அதே பழைய அளவு.

"வேலூர்லேருந்து பெரிய அதிகாரி வர்றாரும்மா. நீங்க வாயைத் திறக்கக்கூடாது. மலையில ஒரு இடம் காலியா இருக்கு, ஞாபகம் வச்சிக்குங்க."

"நான் எதுக்கு சார் வாயைத் திறக்கிறேன்?" என்றாள் ராஜமதி.

மேடையில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அவர் பிள்ளைகளின் உள்ளம் அறிந்தவர் என்று ஒருவர் கூசாமல் சொன்னார். மாலைகள் விழுந்தன. கடைசியாக அதிகாரி எழுந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த முதல் நாள், உங்க பயத்தைப் போக்க சார் என்ன செஞ்சாரு? யாராவது சொல்லுங்க பாப்போம்."

ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பொன்னி எழுந்தாள். காதில் இப்போது தோடு இருந்தது.  வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டாள். அவள் வகுப்பு மொத்தமும் எழுந்து அப்படியே செய்தது. பிறகு எல்லோரும் ஒரே குரலில், "டர்ர்ர்!" என்றார்கள்.

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! என்ன சார் இது?"

"ஒரு... ஒரு உடற்பயிற்சிங்க" என்றார் சகாதேவன். வேர்த்து வழிந்தது.

"எல்லாரும் செய்வோமே!" என்று அதிகாரி தன் கையைத் தூக்கினார். மேடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே காதைத் தொட்டார்கள். சகாதேவன் ஒருவர்தான் மாலைகளுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க கண்டுபிடிச்சதாச்சே, நீங்களே சும்மா நிக்கலாமா? தூக்குங்க" என்றார் அதிகாரி.

சகாதேவன் ராஜமதியைத் தேடினார். அவள் கூட்டத்தின் ஓரத்தில் பிள்ளைகளோடு நின்றிருந்தாள். எதையாவது சொல்லி என்னைக் காப்பாற்று என்று அந்த முகம் கெஞ்சியது. அவர் காலையில் சொன்னதை அவள் மறக்கவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. வலது கையைத் தூக்கி, தலைக்கு மேலே வளைத்து, இடது காதைத் தொட்டபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கையைத் தூக்கினார். இந்தத் தடவை பிள்ளைகள் சத்தம் போட வேண்டியிருக்கவில்லை. மைக்கிலேயே கேட்டது.

அதற்கப்புறம் சகாதேவன் மலையைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.